வாங்குபவரின் பணம் எப்போது வரும்? ஐரோப்பாவில் வீடு கட்டி விற்பவர்களின் கணக்கு

கேள்வி இது: ஸ்வீடனின் பொனாவா நிறுவனம் 2016-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஜெர்மனி, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க், நார்வே, எஸ்தோனியா, லாட்வியா, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று எட்டு இடங்களில் வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்தது. இன்று டென்மார்க்கும் நார்வேயும் ரஷ்யாவும் அதன் பட்டியலில் இல்லை. பின்லாந்தின் கட்டுமான நிறுவனமான ஒய்.ஐ.டி.யும் ரஷ்யாவை விட்டு வந்துவிட்டது. ஐரோப்பா ஏறக்குறைய ஒரே சந்தைதானே? சிமென்ட் ஒன்று, கம்பி ஒன்று, பல நாடுகளில் நாணயமும் ஒன்று. ஒரு நாட்டில் நன்றாக வீடு கட்டும் நிறுவனம் இன்னொரு நாட்டில் ஏன் தடுமாறுகிறது?

ரஷ்யாவைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். அங்கிருந்து இரண்டு நிறுவனங்களும் வெளியேறியதற்குக் காரணம் 2022-இல் தொடங்கிய போர். ஒய்.ஐ.டி. தன் ரஷ்யத் தொழிலை அந்த ஆண்டே எட்டலோன் குழுமத்துக்குச் சுமார் 5 கோடி யூரோவுக்கு விற்றது. பல ஆண்டு உழைப்புக்கு அது மிகச் சின்னத் தொகை. அந்த நேரத்தில் பேரம் பேசும் நிலையிலும் அவர்கள் இல்லை.

மற்ற நாடுகளைப் பொறுத்தவரை, கட்டும் வேலையில் யாரும் பெரிதாகத் தடுமாறவில்லை. வீடு கட்டி விற்கும் தொழிலில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி ஒன்று உண்டு: வாங்குபவரின் பணம் எந்த நாளில் நம் கைக்கு வரும்? அதற்கு ஒவ்வொரு நாட்டின் சட்டமும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. எல்லை தாண்டியதும் செங்கல் மாறுவதில்லை, இந்தப் பதில் மாறிவிடுகிறது. நான் பல ஆண்டுகள் கட்டுமானச் செலவுக் கணக்குப் பக்கம் இருந்தவன் என்பதால் இப்படிப் பார்க்கிறேன். கட்டடக் கலைஞர் ஒருவரைக் கேட்டால் வேறு பதில் சொல்லக்கூடும்.

முதலில் ஒப்பந்த வேலைக்கும் வீட்டு விற்பனைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். பாலமோ மருத்துவமனையோ கட்டும் ஒப்பந்ததாரருக்கு வேலை கொடுப்பவர் முன்பணம் தருகிறார். வேலை நடக்க நடக்க ஒப்பந்ததாரர் பில் போட்டுப் பணம் வாங்குகிறார். சப்ளையருக்கு ஒரு மாதம் கழித்துக் கொடுக்கிறார். ஆக, அடுத்தவர் பணத்திலேயே தொழில் ஓடுகிறது. வீடு கட்டி விற்பவருக்கு இது தலைகீழ். முதலில் நிலம் வாங்க வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காலம் முழுவதும் வட்டி ஓடுகிறது. லாப விகிதம் ஒப்பந்த வேலையைவிட அதிகம்தான். ஆனால் பணம் நிலத்தில் புதைந்து கிடக்கும்.

இந்த முரணுக்கு ஸ்வீடனின் இரண்டு பெரிய நிறுவனங்கள் நேரெதிர் விடைகளைக் கண்டன. ஒன்று ஸ்கான்ஸ்கா. 1887-இல் மால்மோவில் சிமென்ட் அலங்கார வேலைப்பாடுகள் வார்க்கும் பட்டறையாகத் தொடங்கியது. ஒப்பந்த வேலைகளில் முன்கூட்டி வந்து சேரும் பணத்தை வீடு, அலுவலகத் திட்டங்களில் முதலீடாகப் போடுவது அதன் வழி. இதை அவர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். ஒரு கை வாங்குவதை மறு கை விதைக்கிறது. மற்றொன்று என்.சி.சி. அது இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைத்திருப்பது சரியில்லை என்று முடிவு செய்து, 2016 ஜூனில் வீட்டுப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்துப் பங்குச் சந்தையில் விட்டது. அதுதான் பொனாவா. பிரிந்தபோது நல்ல காலம். வட்டி பூஜ்ஜியத்துக்கு அருகில். அண்ணன் வீட்டுப் பணப்பெட்டி இல்லாமல் தனிக்குடித்தனம் போனதன் அருமை ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது நாடு நாடாகப் போகலாம். ஜெர்மனியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பொனாவாவின் மிகப் பெரிய சந்தை ஸ்வீடன் அன்று, ஜெர்மனிதான். அதன் ஜெர்மன் பிரிவின் தலைமையிடம் பெர்லினுக்குக் கிழக்கே பிராண்டன்பர்க் மாநிலத்தில் உள்ள ஃபூர்ஸ்டன்வால்டே என்ற சிறு நகரம். ஜெர்மனியில் நிலத்தோடு வீடு விற்கும் ஒப்பந்தம் நோட்டரி முன் எழுதப்பட்டால்தான் செல்லும். சாதாரண நுகர்வோர் என்றால், வரைவு ஒப்பந்தம் பொதுவாக இரண்டு வாரம் முன்பே அவர் கையில் இருக்க வேண்டும், படித்துப் பார்ப்பதற்கு. நிலப் பதிவேட்டில் வாங்குபவர் பெயருக்கு முன்னுரிமைக் குறிப்பு ஏறுகிறது. அதன் பிறகு பணம் எப்படி வாங்கலாம் என்பதை ஓர் அரசாணை சதவீதக் கணக்கோடு சொல்கிறது. மண்வேலை தொடங்கியதும் மொத்த விலையில் 30%. மீதியில் 40%, அதாவது மொத்தத்தில் 28%, கட்டடத்தின் எலும்புக்கூடு எழும்பியதும். ஜன்னல் கண்ணாடியோடு பொருத்தியதும் 7%. குடிபுகத் தயாரானதும், சாவி கொடுக்கும்போது 8.4%. எல்லா வேலையும் முழுதாக முடிந்த பிறகுதான் கடைசி 3.5%. இடையில் கூரை, வெப்பக் குழாய், தண்ணீர்க் குழாய், மின்சாரம், உட்பூச்சு, தரை, குளியலறை ஓடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து அதிகபட்சம் ஏழு தவணைகளாகத்தான் கேட்கலாம்.

கூட்டிப் பாருங்கள். கூரை வேயும் முன்பே 58% வந்துவிடுகிறது. வாங்குபவருக்குப் பாதுகாப்பாக முதல் தவணையிலேயே விலையில் 5% அளவுக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்பது உண்மை. அப்படியும், வாங்குபவர் கிடைத்துவிட்டால் கட்டடம் பெரும்பாலும் அவர் பணத்திலேயே எழுகிறது. வாங்குபவரின் வங்கிதான் மறைமுகமாகக் கட்டுமானக் கடன் தருகிறது என்று சொன்னால் தவறில்லை. வெளியிலிருந்து வரும் நிறுவனத்துக்கு இதைவிடத் தோதான சட்டம் எங்கே கிடைக்கும்? கட்டடத்தில் குறை வந்தால் ஐந்து ஆண்டுகள் பொறுப்பேற்க வேண்டும். கவனமாகக் கட்டுபவருக்கு அது பெரிய சுமை இல்லை.

ஸ்வீடனுக்கு வந்தால் கதையே வேறு. அங்கே அடுக்கு மாடியில் வீடு "வாங்குகிறார்" என்று சொல்வதே சட்டப்படி பார்த்தால் பொருந்தாது. கட்டடமும் நிலமும் ஒரு குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தம். நீங்கள் வாங்குவது அந்தச் சங்கத்தில் ஒரு பங்கையும், குறிப்பிட்ட வீட்டில் வசிக்கும் உரிமையையும். சங்கத்தின் பெயரில் தனிக் கடன் இருக்கும். அதன் வட்டி உங்கள் மாதக் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கும். ஆக ஒரு வீட்டுக்கு இரண்டு கடன்: உங்கள் வங்கிக் கடன் ஒன்று, சங்கக் கடனில் உங்கள் பங்கு ஒன்று. விளம்பரத்தில் விலையை மட்டும் பார்ப்பவர் ஏமாந்து போவார். ஒரே விலையுள்ள இரண்டு வீடுகளில் சங்கக் கடன் குறைவாக உள்ள வீடுதான் மலிவு.

கட்டும் காலத்தில் இந்தச் சங்கத்தைத் தொடங்குவதும், முதல் நிர்வாகக் குழுவை அமைப்பதும் பெரும்பாலும் கட்டும் நிறுவனமே. வாங்குபவர் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஒரு முன்பணம் கட்டுவார். பெருந்தொகை சாவி வாங்கும் நாளில்தான். அதுவரை சங்கத்தின் பெயரில் எடுத்த கட்டுமானக் கடனில் வேலை நடக்கும். அந்தக் கடன் யாருடையது? நீண்ட காலம் சில நிறுவனங்கள் அதைத் தங்கள் கணக்குக்கு வெளியே வைத்திருந்தன. சங்கத்தை ஆட்டுவிப்பது நீங்கள்தானே என்று கணக்கியல் கண்காணிப்பாளர்கள் கேட்ட பிறகு கடன் கணக்குக்குள் வந்தது, பார்க்க அழகாக இருந்த இருப்புநிலை அறிக்கைகள் கொஞ்சம் அழகு குறைந்தன. இந்தத் துறையில் நான் ரசித்த நிகழ்வுகளில் அது ஒன்று.

முன் ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் இடையே நீண்ட இடைவெளி இருப்பதன் ஆபத்தை ஸ்வீடன் 2017 இலையுதிர் காலத்தில் கண்டது. ஸ்டாக்ஹோமில் விலை இறங்கியது. பழைய வீட்டை நல்ல விலைக்கு விற்று அந்தப் பணத்தில் புது வீடு எடுக்கலாம் என்று கையெழுத்திட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சிலர் ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொள்ள வழி தேடினார்கள். 2010-இல் வந்த விதிப்படி அப்போது வீட்டு மதிப்பில் 85%-க்கு மேல் அடமானக் கடனும் கிடைக்காது. அசலைக் கட்டாயம் திருப்ப வேண்டும் என்ற விதியும் 2016-இல் வந்து 2018-இல் இறுகியது.

பின்லாந்தும் ஸ்வீடனைப் போலத்தான், ஆனால் சங்கத்துக்குப் பதில் நிறுவனம். ஒவ்வொரு குடியிருப்புக் கட்டடமும் ஒரு தனி லிமிடெட் கம்பெனி. வீடு வாங்குவது என்றால் அதன் பங்குகளை வாங்குவது. கம்பெனிக் கடன் அதிகமாக இருந்தால் கையில் குறைந்த பணம் உள்ளவரும் உள்ளே வரலாம். சிறிய வீடுகளை வாங்கி வாடகைக்கு விடும் முதலீட்டாளர்கள் இதை விரும்பினார்கள். ஹெல்சின்கி சுற்றுவட்டாரத்தில் ஓரறை வீடுகள் ஏராளமாக எழுந்தன. 2023-இல்தான் புது வீடுகளின் விலையில் 60%-க்கு மேல் கம்பெனிக் கடன் கூடாது என்ற வரம்பு வந்தது.

போலந்தில் வாங்குபவரின் பணம் வங்கியின் எஸ்க்ரோ கணக்கில், அதாவது நிபந்தனை நிறைவேறும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் கணக்கில், போய் உட்கார்ந்துகொள்ளும். 2012 முதல் இது சட்டம். 2022 ஜூலையில் இன்னும் கடுமையானது, கூடவே ஓர் உத்தரவாத நிதியும் வந்தது. எஸ்க்ரோவில் இரண்டு வகை. திறந்த கணக்கு என்றால் வேலையைக் குறைந்தது நான்கு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டமும் 10 முதல் 25% வரை. கட்டம் முடிந்ததை வங்கியின் ஆள் வந்து பார்த்த பிறகே பணம் நகரும். மூடிய கணக்கு என்றால் கிரயம் முடியும்வரை ஒரு காசும் வராது. ரஷ்யாவும் 2019 ஜூலையில் இந்த மூடிய வகைக்கு மாறியது. அதற்கு முன் வாங்குபவரின் பணத்திலேயே கட்டிக்கொண்டிருந்தவர்கள் புதுத் திட்டங்களுக்கு வங்கிக் கடனை நம்ப வேண்டியதாயிற்று. அதே நிலம், அதே வரைபடம். தேவையான முதல் மட்டும் பல மடங்கு.

ஆக, ஒரே மாதிரியான நூறு வீடுகளைக் கட்ட ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு சொந்தப் பணம் எவ்வளவு காலம் முடங்கும் என்பது வேறுபடுகிறது. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து "இந்த நாட்டில் லாபம் 12 சதவீதம், அந்த நாட்டில் 15" என்று ஒப்பிடுவது இதனால் ஏமாற்றும் ஒப்பீடு. முடங்கிய முதலுக்கு எவ்வளவு என்று கேட்டால் வரிசை தலைகீழாகலாம்.

கட்டடம் எங்கும் ஒன்றுதான் என்று கேள்வி சொல்கிறது. அதுவும் முழு உண்மை இல்லை. பின்லாந்தில் புது அடுக்ககத்துக்குள்ளேயே சௌனா என்னும் வெந்நீராவிக் குளியல் அறை சர்வ சாதாரணம். கூடவே, 1,200 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் தளப் பரப்புள்ள குடியிருப்புக் கட்டடத்தில் போர்க்காலப் பதுங்கிடம் கட்டுவது சட்டப்படி கட்டாயம். கனத்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. அமைதிக் காலத்தில் அதில் சைக்கிளும் பழைய சாமான்களும் கிடக்கும். ஸ்வீடனில் சமையலறை அலமாரி, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, மரத்தரை எல்லாம் வீட்டோடு வரும். ஜெர்மனியில் சமையலறை பெரும்பாலும் வெறும் அறை. அலமாரியும் அடுப்பும் வாங்குபவர் பொறுப்பு. போலந்தில் "பில்டர் நிலை" என்றே ஒரு சொல் உண்டு: பூசிய சுவர், வெறும் சிமென்ட் தரை, உள் கதவு இல்லை, குளியலறையில் ஓடு இல்லை. சாவி வாங்கிய பிறகு பல மாதங்கள் கொத்தனாரும் தச்சருமாக வீடு அல்லோலகல்லோலப்படும். மொத்தமாக ஒரே அலமாரி, ஒரே ஓடு வாங்கி ஐரோப்பா முழுவதும் செலவைக் குறைக்கலாம் என்று போடும் திட்டங்கள் இங்கேதான் மெலிந்து போகின்றன.

நிலம் இதைவிடப் பெரிய விஷயம். ஸ்கான்ஸ்கா, ஒய்.ஐ.டி. இரண்டும் வீடு கட்டும் செக் தலைநகர் பிராகாவை எடுத்துக்கொள்ளுங்கள். உலக வங்கியின் 2020-ஆம் ஆண்டுக்கான தொழில் சூழல் பட்டியலில், கட்டட அனுமதி பெறும் எளிமையில் செக் குடியரசுக்குக் கிடைத்த இடம் 157. பெரிய குடியிருப்புத் திட்டம் என்றால் காகிதம் நகர்வதற்குப் பல ஆண்டுகள். இதைச் சரிசெய்ய 2024 ஜூலையில் அனுமதி முறையை மின்னணு மயமாக்கினார்கள். அந்த அமைப்பு தொடக்கத்திலேயே திணறி, அதற்குப் பொறுப்பான அமைச்சரின் பதவி போனதுதான் மிச்சம். இப்படிப்பட்ட ஊரில் வெல்பவர், பத்தாண்டுக்கு முன்பே நிலம் வாங்கிப் பொறுத்திருந்தவர். அனுமதி மெதுவாக வருவதால் வீடு பற்றாக்குறை. பற்றாக்குறையால் விலை உயர்வு. ஏற்கெனவே நிலமும் அனுமதியும் கையில் உள்ளவருக்கு அது மதில் சுவர் மாதிரி. புதிதாக வருபவருக்கோ அதே மதில் வெளிப்பக்கம்.

பல நாடுகளில் கால் பதிப்பதற்கு எப்போதும் சொல்லப்படும் நியாயம், ஒன்று சரிந்தால் இன்னொன்று தாங்கும் என்பது. 2022 அதைச் சோதித்துப் பார்த்தது. ஸ்வீடனின் மத்திய வங்கி வட்டி 2022 ஏப்ரலில் பூஜ்ஜியம், 2023 செப்டம்பரில் 4%. ஐரோப்பிய மத்திய வங்கியின் வைப்பு வட்டி 2022 ஜூலை வரை பூஜ்ஜியத்துக்கும் கீழே, 2023 செப்டம்பரில் அதுவும் 4%. போலந்தில் 2021 அக்டோபர் தொடக்கத்தில் 0.1%, 2022 செப்டம்பரில் 6.75%. செக் குடியரசில் 2022 ஜூனிலேயே 7%. எல்லாப் பானையும் ஒரே அடுப்பில் இருந்திருக்கிறது.

வலி எப்படி வந்தது என்பதில் மட்டும் நாட்டுக்கு நாடு வேறுபாடு. ஜெர்மனியில் வீட்டுக் கடன் வட்டியைப் பத்து ஆண்டுகளுக்கோ அதற்கு மேலோ மாறாமல் கட்டிவைப்பது வழக்கம். அதனால் பழைய வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிதாக வாங்க வந்தவர், ஏறக்குறைய 1%-லிருந்து ஒரே ஆண்டில் 4% அளவுக்குப் போன வட்டியைக் கண்டு திரும்பிப் போய்விட்டார். அதற்கு முன்பே, 2022 ஜனவரி 24-இல், ஆற்றல் சேமிப்பு வீடுகளுக்கான அரசு வங்கியின் மானியக் கடனை அறிவித்த அன்றே நிறுத்தியது பெர்லின். அந்த மானியத்தை வைத்து விலை போட்டவர்கள் எல்லாரும் கணக்கைக் கிழித்துப் போட வேண்டியிருந்தது. ஆண்டுக்கு 4 லட்சம் வீடுகள் என்று அரசு இலக்கு வைத்த நாட்டில் 2022-இல் கட்டி முடிந்தவை சுமார் 2,95,000. 2024-இல் சுமார் 2,52,000. வாங்குபவர் பணத்தில் கட்டுவதற்கு ஏற்ற அந்த அருமையான ஜெர்மன் சட்டம், வாங்குபவரே வராதபோது வெறும் காகிதம்.

ஸ்வீடனில் அடி இரட்டை: சொந்தக் கடனின் வட்டியும் ஏறியது, சங்கக் கடனின் வட்டி மாதக் கட்டணமாகவும் ஏறியது. பின்லாந்தில் பெரும்பாலான வீட்டுக் கடன்கள் யூரிபோர் விகிதத்தோடு, அதாவது யூரோ வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டியோடு, சேர்ந்து நகர்பவை. 12 மாத யூரிபோர் சுமார் மைனஸ் 0.5-லிருந்து 4%-ஐத் தாண்டியது. ஓரறை வீடுகளை வாங்கிக்கொண்டிருந்த முதலீட்டாளர்கள் மறைந்துபோனார்கள். இரண்டு நாடுகளிலும் 2023-இல் புதிதாகத் தொடங்கிய வீடுகளின் எண்ணிக்கை 2021-இல் இருந்ததில் பாதிகூட இல்லை. பொனாவா 2023-இல் நார்வே பிரிவை விற்றது, 2024 தொடக்கத்தில் பங்குதாரர்களிடம் சுமார் 105 கோடி குரோனா புது முதல் கேட்டது. நார்வே மோசமான சந்தை என்பதால் விற்கவில்லை. வாங்க ஆள் இருந்தது, கையில் பணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். இம்மாதிரி வெளியேற்றங்களை "உத்தி மாற்றம்" என்று அறிக்கைகள் எழுதும்.

ஆனால் பல நாட்டுக் கொள்கை முற்றிலும் வீண் என்றும் சொல்ல மாட்டேன். சேர்ந்து விழுந்த சந்தைகள் சேர்ந்து எழவில்லை. போலந்து 2023 ஜூலையில் முதல் வீடு வாங்குபவருக்கு 2% வட்டிக் கடன் திட்டம் கொண்டுவந்ததும் வார்சாவிலும் கிராகோவிலும் கூட்டம் அலைமோதியது; விலையும் எகிறியது, அந்த ஆண்டு முடிவில் திட்டத்தின் புது விண்ணப்பங்களை மூடினார்கள். ஒய்.ஐ.டி.க்குப் பின்லாந்தில் விற்காத வீடுகள் குவிந்துகிடந்தபோது பால்டிக் நாடுகளும் போலந்தும் செக் குடியரசும் ஸ்லோவாக்கியாவும்தான் வீட்டுத் தொழிலைத் தாங்கின. 1912-இல் ஒரு ஸ்வீடிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹெல்சின்கி கிளையாகத் தொடங்கிய நிறுவனத்துக்குச் சொந்த ஊர் கைவிட்டபோது வெளியூர் சோறு போட்டது.

இத்தகைய நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்தால், வண்ணப் படங்களையும் தலைவரின் கடிதத்தையும் தாண்டி நான் முதலில் தேடுவது விற்ற வீடுகளின் எண்ணிக்கையை இல்லை. ஸ்கான்ஸ்கா போன்ற நிறுவனம் ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலேயே விற்பனையாகக் காட்டும் கணக்கையும் தருகிறது, சாவி கொடுத்த நாளில் காட்டும் கணக்கையும் தருகிறது. பொனாவா சாவி கொடுத்த பிறகே காட்டுகிறது. ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டுக் குழம்புபவர்கள் ஏராளம். நான் பார்ப்பது, கட்டி முடிந்தும் விற்காமல் நிற்கும் வீடுகளின் எண்ணிக்கையை, அதுவும் நாடு வாரியாக. கட்டிக்கொண்டிருக்கும் வீடு விற்காமல் இருந்தால் வேகத்தைக் குறைக்கலாம். முடிந்த வீட்டை என்ன செய்வது? பின்லாந்தில் அந்த வீடுகளுக்கு உரிய பங்குகள் நிறுவனத்திடமே தங்கிவிடும். ஹெல்சின்கியில் வெளிச்சமில்லாத ஜன்னல்களுக்கெல்லாம் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தையும் கம்பெனிக் கடனின் பங்கையும் கட்டுவது, கட்டிய நிறுவனமேதான். குடியிருப்போர் பொதுக்கூட்டத்தில் அதற்கு வாக்கும் உண்டு.